பத்தியம் முடிந்த நாள்

டாக்டர் சொல்லிப் பதினேழு மணி நேரம் ஆகியிருந்தது. நான் கோழிக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். செல்லூரில் காலை எட்டு மணிக்கே தறிகள் முழு வேகத்தில் ஓடும். கடையின் இருபுறமும் தறிக்கூடங்கள். அதனால் இங்கே எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். எனக்குக் கத்த வராது. என் முறை வந்தபோது நான் சொன்னது கடைக்காரர் அருண்பாண்டி அண்ணனுக்குக் கேட்கவில்லை.

"என்னத்தா? வாயத் தொறந்து சொல்லு."

"எலும்பில்லாம அரைக்கிலோண்ணே. கைமா போட்டு."

"கைமாவா? வீட்ல வடை சுடுறீகளா?"

"சூப்புக்கு."

"எலும்பில்லாம சூப்பு வைக்கிற மொத ஆளு நீதாந்தா." சிரித்தவர் ஏதோ நினைவு வந்ததுபோல நிறுத்தினார். "அப்பாவுக்கா? அம்மா நேத்தே சொல்லுச்சு, பத்தியத்த எடுத்துட்டாகளாம்ல. சந்தோசம்த்தா."

கறியைப் புளியங்கட்டையில் வைத்து, இரண்டு கைகளிலும் கத்தியை எடுத்துக் கொத்தினார். தராசில் அரைக்கிலோ நின்ற பிறகும் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டார். "அண்ணன் பழையபடி சாரத்துல ஏறணும். எங்க மாடிப்படிய பாதியில விட்டுட்டுப் போயிருக்காரு, ஞாபகப்படுத்து" என்றார்.

நான் தலையாட்டினேன். நேற்று மாலையிலிருந்து தலையாட்டிக்கொண்டேதான் இருக்கிறேன்.

அப்பா சோணைமுத்து, கொத்தனார். ஏழு மாதத்துக்கு முன்னால் அவருக்கு இரைப்பையில் புற்று என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். அது போதாது என்று அம்மா ஒரு நாட்டு வைத்தியரிடம் சூரணம் வாங்கி வந்தாள். சூரணத்தோடு பத்தியமும் வந்தது. கறி கிடையாது, மீன் கிடையாது, முட்டை, கத்தரிக்காய், புளி, தாளிப்பு எதுவும் கிடையாது. கஞ்சியும் பாசிப்பருப்பும் மட்டும். அப்பா சாப்பிட்டதையே அம்மாவும் சாப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் புரதம் கொடுக்கச் சொல்கிறார்கள் என்று நான் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். என் குரலுக்கு வீட்டில் அவ்வளவு பலம் இல்லை.

பத்தியத்தைப் பாதியில் விடக்கூடாது. வியாதி போனதும் வைத்தியம் பார்ப்பவரே அதை எடுத்துவிடுவார். எட்டாம் வகுப்பில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது அப்படித்தான் நடந்தது. உப்பில்லாத கஞ்சி குடித்துக் கிடந்தவளைப் பார்த்து வைத்தியர் ஒரு நாள், "இனி என்ன வேணும்னாலும் குடுங்க" என்றார். அன்றைக்கே வீட்டில் கோழி அடித்துக் குழம்பு வைத்தார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கு எங்கள் வீட்டில் ஒரே அர்த்தம்தான்.

நேற்று ஸ்கேன் முடிவு கேட்க நானும் அம்மாவும் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். நர்ஸ் வெளியே வந்து, "படிச்சவங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். அம்மா என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். நான் விலங்கியல் படித்தவள். கப்பலூரில் ஒரு மசாலா கம்பெனியில் மிளகாய்த்தூளின் ஈரப்பதம் பார்க்கும் வேலை. டாக்டர் திரையில் ஸ்கேனைக் காட்டி ஆங்கிலத்தில் பேசினார். கல்லீரல் முழுவதும் பரவியிருந்தது. இனி மருந்து ஏற்றுவது உடம்பைத் துன்பப்படுத்துவதுதான் என்றார். நான் கேட்காத ஒரு கேள்விக்கும் பதில் சொன்னார். பிறகு தமிழுக்கு மாறி, "அவருக்கு என்ன பிடிக்குதோ அதைக் குடுங்கம்மா" என்றார்.

வெளியே வந்ததும் அம்மா என் முகத்தையே பார்த்தாள். டாக்டர் கடைசியில் சொன்னதை முதலில் சொல்லிவிட்டு, அங்கிருந்து ஒவ்வொன்றாகப் பின்னால் போகலாம் என்று நினைத்தேன். "என்ன பிடிக்குதோ குடுக்கச் சொன்னாரு" என்றேன்.

அம்மா இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "பத்தியத்த எடுத்துட்டாரா?" என்றாள். அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதாள். அவளைத் தூக்கி நிறுத்தி பஸ் ஏற்றுவதற்குள் நான் சொல்ல வேண்டிய மற்றவையெல்லாம் சொல்லாமலே நின்றுபோயின. பஸ்ஸிலேயே மூன்று பேருக்குப் போன் போட்டாள். மூன்றாவது போன் அண்ணனுக்கு.

அண்ணன் பீமாராவ் துபாயில் கிரேன் வேலை பார்க்கிறான். அப்பாவைப் பார்க்க வர லீவு கேட்டிருந்தான். வெள்ளிக்கிழமை கிளம்பலாம் என்று கிடைத்துவிட்டது. ஆனால் ஒருவர்தான் போக முடியும். உசிலம்பட்டிக்காரர் ஒருவர் தங்கை கல்யாணத்துக்காக அதே லீவுக்குக் காத்திருக்கிறார். "நீ இப்ப வர வேணாம்யா, தீபாவளிக்கு ஒரு மாசமா வா" என்று அம்மா சொல்லிவிட்டாள். இன்று பதினொன்றரைக்கு, அங்கே டீ நேரத்தில், போன் பண்ணிவிட்டு சூப்பர்வைசரிடம் முடிவைச் சொல்வதாக இருந்தான்.

சூப் அப்பா கேட்டது. என்ன வேண்டும் என்று அம்மா கேட்டபோது பிரியாணி என்பார், ஈரல் என்பார் என்று எதிர்பார்த்தோம். திருநகரில் குடித்த சூப் வேண்டும் என்றார். அது எங்களுக்குத் தெரிந்த கதைதான். ஒரு வீட்டில் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டிக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்கார அம்மா அவரை உள்ளே கூப்பிட்டு, கொத்தின கோழியும் காயும் போட்ட சூப்பைப் பீங்கான் கோப்பையில் கொடுத்தாராம். அப்பா அந்தக் கதையைச் சொல்லும்போது சூப் ஒரு வரியில் முடிந்துவிடும். கோப்பைதான் நீளும். அவர்கள் வீட்டில் எல்லோரும் குடிக்கிற அதே கோப்பை. கைப்பிடிக்குள் தன் விரல் நுழையவில்லை என்று விரலை நீட்டிக் காட்டுவார். இப்போது நுழையும்.

நான் அடுப்பைப் பற்றவைத்தேன். அம்மா அப்பாவுக்கு முகம் கழுவி, பவுடர் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் தலையணை வைத்து அடுப்படி வாசலில் உட்கார வைத்திருந்தாள். வெள்ளைச் சட்டை ஹேங்கரில் கிடப்பதுபோல அவர் மேல் கிடந்தது. நான் கேரட்டைச் சிறிதும் பெரிதுமாக நறுக்குவதை அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏத்தா, அரைக்கல்லு, முக்காக்கல்லு எல்லாம் கெடக்கு. பிஎஸ்ஸில இதெல்லாம் சொல்லித் தரலயா?"

"சொல்லித் தரலப்பா."

"பூச்சு வேலையில மறைச்சிரலாம், விடு."

சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி அடங்க நேரமானது. பீன்ஸை இன்னும் பொடியாக நறுக்கினேன். முட்டைக்கோஸ், ஒரு உருளைக்கிழங்கு, பத்துப் பல் பூண்டு, சின்ன வெங்காயம். எண்ணெய் காய்ந்ததும் சீரகம் போட்டு, வெங்காயம் வதக்கி, ஒரு பிடி கைமாவைப் போட்டேன். அது உடனே ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொண்டு வெளுத்த கட்டியானது. கரண்டியால் குத்தினாலும் உடையவில்லை. அதை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, மீதிக் கறியைப் பச்சைத் தண்ணீரில் விரலால் கரைத்து, கலங்கலாக்கி ஊற்றினேன். இந்த முறை மணல் மாதிரிப் பிரிந்து நின்றது. காய்களைப் போட்டேன். உப்பு, மிளகு. உருளைக்கிழங்கு வெந்ததும் மசித்துக் கலந்தேன். சூப் கெட்டியாகிப் பெரிய பெரிய கொப்புளங்களாக வெடிக்கத் தொடங்கியது. ஏழு மாதத்துக்குப் பிறகு வீட்டில் கறி வாசம். எனக்குப் பசித்தது. பசித்ததற்காக வெட்கமாக இருந்தது.

பக்கத்து வீட்டு அழகம்மாள் அத்தை வாசலில் நின்று கத்தினார். "மதினி! அண்ணன் வீட்டுக் கறி வாசம் எங்க தறிப் பாவுல ஏறுது. ஒரு டம்ளர் ஊத்துறது!"

"ஒனக்கு எலும்புதான். வா!" என்றாள் அம்மா.

"அதான் எலும்பே வாங்கலையாம்ல. கடைக்காரரு ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாரு."

அம்மா சிரித்துக்கொண்டே வெளியே போனாள். அவள் சத்தமாகச் சிரிப்பதை நான் வெகு நாளாகக் கேட்கவில்லை. அப்பா வேலைக்குத் திரும்பப் போவதைப் பற்றி அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுப்படியில் நானும் அப்பாவும் மட்டும் இருந்தோம்.

"வாணி."

"ம்."

"ஒன்னய மட்டும் எதுக்கு உள்ள கூப்ட்டாரு?"

கரண்டியைச் சுற்றினேன். அடி பிடிக்கவில்லை. ஆனாலும் சுற்றினேன். "இங்கிலீசுல பேசத்தான்ப்பா."

"தமிழ் தெரியுமே அவருக்கு."

அடுப்பைத் தணித்தேன். அப்பா கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டு எண்ணினார். "ஆவணி... பொரட்டாசி... ஐப்பசி." ஐப்பசியில் விரல் நின்றது. "ஐப்பசி மழையில பிளேனெல்லாம் லேட்டாகும்ல?" என்றார்.

"ஆகும்ப்பா."

"ம்."

இப்போது சொல்லலாம் என்று தோன்றியது. முதல் வார்த்தை எதுவாக இருக்க வேண்டும் என்று யோசித்தேன். கல்லீரல் என்று தொடங்கலாமா, டாக்டர் என்று தொடங்கலாமா. அதற்குள் அம்மா திரும்பி வந்துவிட்டாள். "வெந்துருச்சா? எறக்கு, எறக்கு. அவரு மூஞ்சியப் பாரு, நாக்கு ஊறிப் போயி உக்காந்திருக்காரு."

எங்கள் வீட்டில் பீங்கான் கிடையாது. எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றினேன். அம்மா நாற்காலிக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கரண்டியில் எடுத்து ஊதி ஊட்டினாள். முதல் வாயை அப்பா விழுங்கினார். கண்ணை மூடிக்கொண்டு, "இதேதான்" என்றார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு பெருமை. இரண்டாவது வாய் உள்ளே போக நேரமானது. கழுத்து நரம்பு ஏறி இறங்கி ஏறியது. மூன்றாவது வாயை அவர் விழுங்கவில்லை. கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். உதட்டோரம் ஒரு கேரட் துண்டும் கொஞ்சம் சாறும் வழிந்தன. அம்மா முந்தானையால் துடைத்தாள்.

"சூடு சாஸ்தி," என்றாள். "ஆறட்டும். மெதுவாக் குடிங்க. என்ன அவசரம்?"

போன் அடித்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டு அரிசி டப்பா மேல் சாய்த்து வைத்தாள்.

"எம்மா, சூப்பர்வைசர் பக்கத்துலயே நிக்கிறாரு. உசிலம்பட்டிக்காரரும் நிக்கிறாரு. என்ன சொல்ல?"

"அவரே போகட்டும்யா, பாவம், தங்கச்சி கல்யாணம். ஒங்கப்பா இங்க கோழிச்சூப்பு குடிச்சுக்கிட்டு இருக்காரு! பாதிக் கிண்ணம் காலி."

கிண்ணம் நிறைய இருந்தது.

"நெசமாவா? அப்பாட்டக் குடு. ப்பா?"

அப்பா வாயில் இருந்ததைக் கஷ்டப்பட்டு உள்ளே தள்ளினார். "சாப்ட்டியாடா?"

"இனிமேதாம்ப்பா. நல்லாருக்கீகளா? அப்ப அவரப் போகச் சொல்லிரவா? நான் தீபாவளிக்கு வாரேன்."

அப்பா போனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"வாணிட்டக் கேளுடா," என்றார். "அவதான் டாக்டர்ட்டப் பேசுனா."

"அவட்ட என்ன கேக்குறது?" என்றாள் அம்மா. அடுத்த கரண்டியை எடுத்து ஊத ஆரம்பித்தாள்.

"அண்ணே," என்றேன்.

"சொல்லுத்தா."

"நீ வாண்ணே."

"என்னாத்தா? கேக்கல."

"லீவ விட்றாத. வா."

"தறிச் சத்தந்தான் கேக்குது. கொஞ்சம் சத்தமாப் பேசேன். சூப்பர்வைசர் லீவுத் தாளுக்குக் கைய நீட்டிக்கிட்டே நிக்கிறாரு. போகச் சொல்லிரவா, வேணாமா?"

பக்கத்துத் தறிக்கூடத்தின் சத்தம் சுவர் வழியாக வந்துகொண்டிருந்தது. போனைக் கையில் எடுத்தேன். வாசலுக்கு எடுத்துப் போனால் அங்கே அத்தை நிற்கிறார். அப்பா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பாவுக்கு இனிமே மருந்து இல்லண்ணே," என்று கத்தினேன். என் குரல் எனக்கே தெரியாத குரலாக இருந்தது. "ஈரல் முழுக்கப் பரவிருச்சு. ரெண்டு, மூணு வாரந்தான் இருப்பாருன்னு சொன்னாரு."

அம்மா கரண்டியை ஊதிக்கொண்டிருந்தாள். ஆவி அடங்கிவிட்டது. அவள் இன்னும் ஊதிக்கொண்டிருந்தாள்.