ஒரே பிழைக்கு ஐந்து மதிப்பெண்கள்

எலெக்ட்ரானிக் சிட்டியில் ஆறு மாடி எழுந்து நின்ற அந்த மென்பொருள் நிறுவனத்தில் மூளைக்கும் மாடி ஒதுக்கியிருந்தார்கள். ஹாஸ்கெல் என்னும் நிரல்மொழியில் எழுதுவோர் ஆறாவது மாடி. ரஸ்ட் எழுதுவோர் ஐந்தாவது. பைத்தானும் ஜாவாவும் இடையில். பிஎச்பி எழுதுவோர் தரைத்தளம், உணவகத்துச் சாம்பார் மணம் பத்து மணிக்கே வந்து விசாரிக்கும் இடத்தில். இதை எவரும் விதியென்று எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காத விதிக்குத்தானே இந்த நாட்டில் ஆயுள் அதிகம்!

ஆறாவது மாடியின் தலைவர் அச்யுத் தங்கமான மனிதர். எவரையும் கடிந்து பேசி அறியாதவர். ஆயினும் கடினமான மொழியைத் தேர்ந்தவன் கூர்மையானவன், எளிய மொழியோடு நின்றவன் எளிய மூளைக்காரன் என்பதில் அவருக்கு ஐயமே இருந்ததில்லை.

ஜீவனஹள்ளியில் வீடுகளுக்குச் சுண்ணாம்பும் வண்ணமும் அடிக்கும் பெருமாள்சாமியின் மகள் விஜி, நான்கு ஆண்டுகளாகத் தரைத்தளத்தில் ஒப்பந்தத்தின் பேரில் பிஎச்பி எழுதி வந்தாள். அந்த மாதம் ஆறாவது மாடியில் ஒரே ஒரு நிரந்தர இடம் காலியானது. எந்தப் பிரிவினரும் கலந்துகொள்ளும் போட்டியில் முதலில் வருபவருக்கு அந்த இடம். விஜிக்கு அது வேண்டும். பசித்தவனுக்குச் சோறு வேண்டுவதைப்போல் வேண்டும்.

இரவுப் பணி முடிந்தவர்களைக் கம்பெனி வண்டிகளில் ஏற்றி, யாரை எந்த வரிசையில் வீட்டில் இறக்குவது என்று கணிக்கும் நிரலை எழுதுவதே போட்டி. வெல்லும் நிரலே நடைமுறைக்கு வரும். பெயர் கூடாது, எண் மட்டும். மொழிக்கு ஒன்றாக எத்தனை விடையும் தரலாம். பல மொழி கற்ற மேல்மாடியார் தம் புலமையைக் காட்டவென்றே சேர்த்த சலுகை அது. செயற்கை நுண்ணறிவின் துணைக்கும் தடையில்லை.

விஜி பகல் பன்னிரண்டுக்கே பிஎச்பியில் எழுதி முடித்துவிட்டாள். இன்னும் ஒரு மணி நேரம் மிச்சம். அப்போதுதான் அவளுக்குள் அந்தக் குறும்பு துள்ளியது. தன் நிரலை இயந்திரத்திடம் கொடுத்து, ஒரு வரியின் கருத்தும் மாறாமல் ஜாவா ஆக்கு என்றாள், ஆக்கியது. பைத்தான், ரஸ்ட் என்று ஏறி ஹாஸ்கெலில் போய் நின்றாள். ஒரே சிந்தனை ஐந்து உடுப்பில், ஐந்து எண்ணில் மேலே போயிற்று.

மறுநாள் பிற்பகல் அரங்கம் நிறைந்திருந்தது. தொழில்நுட்ப இயக்குநர் பாமா முன்வரிசையில் இருந்தார். அச்யுத் முடிவை அறிவித்தார். பதினேழாம் எண், ஹாஸ்கெல், நாற்பதுக்கு முப்பத்தெட்டு. ஆழ்ந்து அடங்கிய சிந்தனை என்பது நடுவர் குறிப்பு. விஜி எழுந்தாள். ஆறாவது மாடி ஒரு கணம் திகைத்துப் பிறகு கைதட்டியது. தரைத்தளமோ மேசையையே உடைத்தது. இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தாய் என்று அச்யுத் பூரித்துப்போய்க் கேட்டார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மொழிக்கும் மூளைக்கும் உள்ள உறவை எல்லாரும் உணரட்டும் என்று கடைசி விடையையும் படித்தார். நாற்பத்தொன்றாம் எண், பிஎச்பி, ஒன்பது மதிப்பெண். கலைந்த சிந்தனை, அடிப்படையே தெரியவில்லை. எழுதியவர் எழ வேண்டாம், எவரையும் வெட்கப்படுத்த விரும்பவில்லை என்றார்.

விஜி அதற்குள் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தால் வேலை அவளுடையது. உட்கார்ந்திருந்தால், அந்த ஒன்பதும் தரைத்தளத்தார் நெற்றியில் நிலைத்துவிடும். நெஞ்சுக்குள் பயமும் சிரிப்பும் முட்டி மோதின, சிரிப்பு வென்றது. விஜி மீண்டும் எழுந்தாள்.

"அதுவும் நான்தான் சார். நடுவுல இருக்கற ஜாவா, பைத்தான், ரஸ்ட்டும் நான்தான். அஞ்சும் ஒரே நிரல்."

அச்யுத் தாள்களைப் புரட்டினார், கண்ணாடியைத் துடைத்தார், மீண்டும் புரட்டினார். "ஒரே நிரல்னா எனக்கு ஏன் அப்படித் தெரியலை?"

"நீங்க நிரலைப் படிக்கலை சார். உடுப்பைப் படிச்சீங்க."

பாமா திரும்பி, இவற்றை யாராவது ஓட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டார். எவரும் ஓட்டவில்லை. ஓட்டிப் பார்ப்பது ஆறாவது மாடியில் இழுக்கு; படித்தே அறிவை அளப்பார்கள். இப்போதே, முந்தின இரவுப் பட்டியலை வைத்தே, அத்தனையையும் திரையில் ஓட்டச் சொன்னார்.

விஜியின் ஐந்தும் அச்சு மாறாமல் ஒரே வழியைக் காட்டின. அரங்கம் ஆர்ப்பரித்தது. அடுத்த நொடி பாமாவின் விரல் திரையில் ஓரிடத்தில் நின்றது. இரவு வண்டியில் கடைசியாக இறங்குபவர் பெண்ணென்றால் காவலர் உடன் போக வேண்டும் என்பது நிறுவனத்தின் கட்டாயம். விஜியின் நிரல் காவலர் நாணுவையும் ஒரு பயணியாக எண்ணி, வழியில்தானே வீடு என்று பொம்மனஹள்ளியில் முதல் ஆளாக இறக்கிவிட்டிருந்தது. அதற்கப்புறம் ஜீவனஹள்ளிவரை தனியே போவது வேறு யார்? முந்தின இரவு நேரம்கழித்து வேலை முடித்து அதே வண்டியில் வீடு போன விஜியேதான்.

வாசலில் நின்ற நாணு முகம் மலர்ந்தார். "ஒள்ளே சாஃப்ட்வேர், ரொம்ப நல்ல சாஃப்ட்வேர் மேடம். இதையே வெச்சுக்கலாம்."

சிரிப்பு அடங்கவே வெகுநேரம் ஆயிற்று. பிறகு மற்றவற்றையும் ஓட்டினார்கள். ஒன்று நாணுவை வண்டியில் ஏற்றவே இல்லை. ஒன்று எல்லாரையும் ஓசூருக்கு அனுப்பியது. வந்த நாற்பத்தொரு விடைகளில் பிழையில்லாமல் ஓடியது ஒன்றே ஒன்று. கடைசிக்கு முந்தின இடத்தில் கிடந்தது அது. எக்செல் தாளில் எழுதியது. இது மொழியே அன்று என்பது நடுவர் குறிப்பு.

வண்டிப் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக அந்தப் பட்டியலைப் போட்டுவரும் ஆஸ்டின் டவுன் நாகேஷ், தப்புச் செய்தவரைப்போல் மெல்ல எழுந்தார்.

பாமா அந்த இடத்திலேயே முடிவை மாற்றினார். ஆறாவது மாடி இடம் நாகேஷுக்கு. இனி ஓட்டிப் பார்த்த பின்பே மதிப்பெண். தாளில் மொழியின் பெயர் இராது. அச்யுத் முகம் சிவந்திருந்தது; ஆனால் கைதட்டலை முதலில் தொடங்கியவர் அவரே.

நாகேஷ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு விஜியிடம் வந்தார். "ஏம்மா, நீ பேசாம உக்காந்திருந்தா அந்த சீட்டு உனக்குத்தானேம்மா?"

"உக்காந்திருந்தா நாணு பொம்மனஹள்ளியில இறங்கிப் போயிருப்பாரு. நான் தனியா போயிருப்பேன். நீங்க மேல போங்கண்ணா, சாம்பார் வாசனை வராது, அது ஒண்ணுதான் குறை."

கண்ணில் நீர் முட்டியது. சிரித்ததால் வந்ததா, இழந்ததால் வந்ததா என்று அவளுக்கே விளங்கவில்லை. விளங்காமலே பாமாவிடம் ஓடி, அடுத்த இடம் எப்போது காலியாகும் என்று கேட்டாள். ஜூனில் என்றார் பாமா. விஜி படிகளை இரண்டிரண்டாகத் தாவிக் கீழே இறங்கி, கணினியைத் திறந்து, காவலரைக் கடைசிவரை வண்டியிலேயே உட்காரவைக்கும் வரியை எழுதத் தொடங்கினாள். பிஎச்பியில்தான்.