அறிவிப்பில்லாமல் வந்த சால்வை

1

இதில் வருவதை நான் சரியாக நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே உறுதியில்லை. அன்று மேடைக்கு எதிரே, ஒலிக்கலவை மேசையில் இருந்தேன். காதில் ஹெட்போன். உலகத்தில் பாதியை நான் அப்படித்தான் அறிந்திருக்கிறேன். சால்வை நீலம் என்று முதலில் எழுதினேன். றொஜர் மஞ்சள் என்கிறான். நிறமில்லாமலே இருக்கட்டும்.

2

முதல் தொடக்கம்: செனகல் நாட்டின் தியேஸ் நகரத்தில் சூரியன் சிவந்து

வேண்டாம். சூரியனை நான் பார்க்கவில்லை. வயர் சுற்றிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது தொடக்கம்: பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், எங்கள் இசைக்குழுவைக் கலியாணங்களுக்கும், பெண்பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடும் சாமத்திய வீடுகளுக்கும் கூப்பிடுவார்கள். ஞானசுந்தரம் அண்ணை கீபோர்டும் தலைமையும். புதுச்சேரிக்காரன் றொஜர் டிரம்ஸ். தர்மிளா பாட்டு. சனம் சாப்பிடும். யாராவது என் மேசைக்கு வந்து, "தம்பி, சத்தத்தைக் கொஞ்சம் குறையும், கதைக்க ஏலாமல் கிடக்கு" என்பார்கள். குறைப்பேன். தர்மிளா பல வருடமாக அந்தக் குறைந்த சத்தத்துக்குள்தான் பாடினாள்.

நிலவறையில் நாங்கள் பாடிப் பழகுவதை மேலே கடையிலிருந்து கேட்ட செனகல்காரக் கடைக்காரர் ஒருவர், தன் ஊர் விழாவுக்கு எங்களை அழைத்தார். அந்த ஊர்தான் தியேஸ்.

விமானத்தில் தர்மிளா சொன்னாள்: "அண்ணை, ஸ்தேன் ஊர்க் கிரெஷ்ஷில முழுநேர வேலை தாறாங்களாம், பிள்ளையளைப் பாக்கிறது. அங்கையும் ஒருத்தரும் கேக்காட்டி நான் பாட்டை விடுறன்."

"கேப்பினம் பிள்ளை," என்றார் ஞானசுந்தரம் அண்ணை. "அங்கை சாப்பாடு பிறகுதானாம்."

3

(அடைப்புக்குள் ஒரு விதி. பாட்டு நடக்கும்போது யாராவது மேடைப்படியில் கால் வைத்தால் நாங்கள் வாசிப்பை நிறுத்தி, கீபோர்டைத் துவாயால் மூட வேண்டும். கலியாணங்களில் படியேறி வருபவர் பெரும்பாலும் மாப்பிள்ளையின் நண்பர். பெரும்பாலும் கையில் கிளாஸ் இருக்கும்.)

ஆபிரிக்க ஊர் என்றதும் நீங்கள் மின்வெட்டுக்காகக் காத்திருப்பது தெரிகிறது. மன்னிக்கவும், மின்சாரம் கடைசிவரை போகவில்லை.

பழைய சினிமாப் பாட்டு ஒன்றின் நடுவில் ஒரு பெண் எழுந்தார். (முதல் பிரதியில் 'கம்பீரமான பெண்'. அடித்துவிட்டேன். பருத்த பெண், நல்ல சிரிப்பு.) ஆடியபடியே வந்து, படியேறி, தோளிலிருந்த சால்வையைக் கழற்றினார்.

ஞானசுந்தரம் அண்ணை கையை உயர்த்தினார். வாசிப்பு நின்றது. கீபோர்டில் துவாய் விழுந்தது.

விரித்த சால்வையோடு அந்தப் பெண் அப்படியே நின்றார். அரங்கம் முழுக்க மௌனம். எனக்கு மௌனம் பழக்கம். மணிக்கணக்காக அதற்குள் இருப்பேன். அந்த ஒன்றுக்குள் மட்டும் இருக்க முடியவில்லை.

"என்னா மாஸ்டர், ஏன் நிறுத்திட்டீங்க?" என்றான் றொஜர். "பொன்னாடை போர்த்த வந்திருக்காங்க."

"பொன்னாடையெண்டால் முதல்ல அறிவிக்க வேணுமெல்லே? பாட்டு முடிய வேணுமெல்லே?"

அந்தப் பெண்ணின் சிரிப்பு போய்விட்டது. "நான் உங்கள் பாட்டைக் கெடுத்துவிட்டேனா?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

தர்மிளா கீபோர்டின் பக்கம் திரும்பினாள். "அண்ணை, வாசியுங்கோ. இவ என்ர பாட்டைக் கேட்டுத்தானே வந்தவ."

துவாய் எழுந்தது. தர்மிளா குனிந்து தோளைக் கொடுத்தாள். விட்ட வரியிலிருந்து அல்ல, முதலிலிருந்து பாடினாள். பிறகு யார் யாரோ படியேறினார்கள். நான் சத்தத்தைக் கூட்டினேன். ஒருவரும் மேசைக்கு வரவில்லை.

4

முடிவு, அ: தர்மிளா உலகப் புகழ்பெற்று (இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கே வெட்கமாக இருக்கிறது.)

முடிவு, ஆ: திரும்பும் விமானத்தில் அவள், "நான் பாட்டை விடேல்லை அண்ணை" என்று

சொல்லவில்லை. பாரிஸ் வரை சால்வையைத் தலைக்கு வைத்து நித்திரை கொண்டாள்.

முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஞானசுந்தரம் அண்ணை அந்த விதியை எடுத்துவிட்டார். சென்ற மாதம் வில்லியே லே பெல்லில் ஒரு கலியாணத்தில் மாப்பிள்ளையின் மாமன் கிளாஸோடு ஏறினார். கீபோர்ட் திருத்தக் கொடுத்திருக்கிறது. றொஜர் இன்னும் மஞ்சள் என்றே சொல்கிறான். நான் அதே மேசையில் இருக்கிறேன். சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் தலையாட்டுகிறேன், குறைப்பதில்லை.

தர்மிளா கலியாணங்களில் பாடுவதை விட்டுவிட்டாள். "அங்கை கேட்டவைதானே, பிறகேன் பிள்ளை விட்டனீர்?" என்று ஞானசுந்தரம் அண்ணை கேட்டார்.

"அதாலதான் அண்ணை. இனிச் சாப்பிடுற சனத்துக்கு முன்னால பாட ஏலாது," என்றாள்.

ஸ்தேனில், கிரெஷ்ஷில், மத்தியானங்களில் பிள்ளைகளை நித்திரையாக்கப் பாடுகிறாள். சால்வை அவளிடம் இருக்கிறது. நிறத்தை நான் கேட்கவில்லை.