மாதிரிக் காலர்

சட்டைக் கம்பெனியில் எட்டு மணித் தையல் தேர்வுக்கு ஏழு மணிக்கே போய், காவலாளியைத் தாஜா பண்ணி மிஷினில் உட்கார்ந்துவிட்டேன். நான் நடப்பதை யாரும் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். என் இடது கால் சின்ன வயதிலேயே சூம்பிப்போனது. ஏற்கெனவே ஆறு சட்டைக் கம்பெனிகளில், விண்ணப்பத்தில் "உடல் ஊனம் உண்டா?" என்ற இடத்தில் உண்மையை எழுதினேன். ஆறு பேரும் தைத்துக்காட்டக்கூடச் சொல்லாமல் அனுப்பிவிட்டார்கள்.

"உண்மை எழுதி என்னத்தைக் கண்ட? பொழைக்கத் தெரியாதவளே, இல்லைன்னு எழுதித் தொலை!" என்றாள் அக்கா. எழுதித் தொலைத்தேன். அவள் வீட்டில் இன்னும் எத்தனை நாள் தண்டச்சோறு தின்பது?

சூப்பர்வைசர் வந்தார். "பதினஞ்சு நிமிஷம். ஒரு காலர்."

வலது காலால் பெடலை மிதித்தேன். பன்னிரண்டாவது நிமிடம் காலரை நீட்டினேன். மடித்து, இரண்டு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். நூலிழைகூடப் பிசகவில்லை.

"அடேங்கப்பா! பத்து வருஷமா இருக்கிறவங்களே இப்படித் தைக்க மாட்டாங்க. நாளைக்கே வந்துடுங்க."

வேலை கிடைத்துவிட்டது. மனுஷன் போய்த் தொலைந்தால் போதும். போகவில்லை.

"வாங்க, உங்க இடத்தைக் காட்டுறேன்."

"நீங்க போங்க சார், இந்த நூலை வெட்டிட்டு வர்றேன்."

"பரவால்ல, நிக்கிறேன்."

வெட்டிய நூலையே மூன்று முறை வெட்டினேன். அவர் நகரவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? எழுந்து நாலு எட்டு வைத்தேன்.

அவர் முகம் மாறியது. மேசையிலிருந்த என் விண்ணப்பத்தை எடுத்தார். "இல்லைன்னு எழுதியிருக்கீங்க?"

"உண்டுன்னு எழுதியிருந்தா தைக்க விட்டிருப்பீங்களா சார்?"

அவர் பேனாவையே வாங்கி, 'இல்லை'யை அடித்துவிட்டு 'உண்டு' என்று எழுதினேன். "இப்ப சரியா இருக்கு. தைச்சது இதே கைதான்."

அவர் என் கையைப் பார்க்கவில்லை. "காலைப் பத்தி ஒண்ணுமில்லம்மா. இப்பதான் ஞாபகம் வருது, அந்த இடத்துக்கு ஏற்கெனவே ஆள் சொல்லியாச்சு."

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பையை எடுத்தேன். காலரையும் எடுத்தேன்.

"அதை மட்டும் வச்சுட்டுப் போங்க. வெளிய தேர்வுக்கு எட்டு பேர் நிக்கிறாங்க. இப்படித்தான் இருக்கணும்னு காட்டணும்."

காலரை மேசைமேல் வைத்து நீவிவிட்டேன். "தாராளமா காட்டுங்க சார். யார் தைச்சதுன்னு கேட்டா, ஒரு நொண்டின்னு சொல்லுங்க."