கேள்விக்குறியாகிப்போன பத்தொன்பது குறிப்புகள்

திங்கட்கிழமை காலை, குழந்தைகள் மருத்துவமனையில் ஊசி போடும் அறை ஸ்தம்பித்து நின்றது. எந்தக் குழந்தைக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்புகளெல்லாம் திரையில் கிறுக்கலாக வந்தன. சிலவற்றில் வெறும் கேள்விக்குறிகள்.

கணினிகளைப் பார்த்துக்கொள்பவள் ஓடிவந்தாள். வெள்ளிக்கிழமை மாலை புது மென்பொருளைப் போட்டவள் அவள்தான். சோதித்துப் பார்த்ததெல்லாம் ஆங்கிலப் பெயர்களை வைத்துத்தான்.

தலைமைச் செவிலியான பெரிய சிஸ்டரின் பக்கத்தில் உட்கார்ந்து தரவுத்தளத்தைத் திறந்தாள். அது ஆங்கில எழுத்துகளுக்காக அமைத்த பழைய அட்டவணை. பழைய மென்பொருள் தமிழை அதற்குள் எப்படியோ திணித்து, திணித்தபடியே எடுத்துக் காட்டிவந்திருக்கிறது. புதியது முறைப்படி கேட்டதும் குட்டு உடைந்துவிட்டது.

"கிறுக்கலா இருக்கறதுக்குப் பயமில்ல சிஸ்டர். எழுத்து உள்ளதான் இருக்கு, தப்பா படிக்குது. கேள்விக்குறி ஆனதுதான் போயே போச்சு."

முதலில் ஒரு நகல் எடுத்து, அதில்தான் மாற்றிப் பார்த்தாள். 'பென்சிலின் கொடுத்தால் முகம் வீங்கும்' என்று முதல் வரி தெளிந்து வந்தது. சிஸ்டர் காகிதக் கோப்புகளை அள்ளிவந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். எல்லாம் சரியாக இருந்த பிறகே அசலில் கை வைத்தாள். அட்டவணையையும் தமிழுக்கு ஏற்றபடி மாற்றினாள்.

வார இறுதியில் புது மென்பொருளில் பதிந்து கேள்விக்குறியாகிப்போன பத்தொன்பது குறிப்புகள் மட்டும் மிச்சம். தலைமை மருத்துவரிடம் தவறு தன்னுடையது என்று அவளே போய்ச் சொன்னாள். அவர் திட்டவில்லை, மதியத்துக்குள் எல்லாரையும் விசாரித்துவிட முடியுமா என்று மட்டும் கேட்டார். அவளும் சிஸ்டரும் பட்டியலைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டு வீடுவீடாகப் போன் போட்டார்கள். பதினெட்டுப் பேர் கிடைத்தார்கள். ஒருவருடைய போன் மட்டும் அணைந்தே கிடந்தது.

அந்தத் தாய் வெளி பெஞ்சில்தான் இருந்தார், மடியில் மகளோடு. போனில் சார்ஜ் இல்லையாம்.

"சல்ஃபா மருந்து கூடாதுன்னு சனிக்கிழமையே சொன்னேனேம்மா."

அவரை உள்ளே அழைத்துவந்து, அவர் எதிரிலேயே 'சல்ஃபா மருந்து கொடுக்க கூடாது' என்று தட்டச்சு செய்து சேமித்தாள். மூடி, மறுபடி திறந்து, படித்துப் பார்க்கச் சொன்னாள்.

பள்ளி ஆசிரியையான அவர் திரையருகே குனிந்தார். "'கொடுக்க'வுக்கு அப்புறம் ஒரு 'க்' காணோமே."

அவளுக்குப் பகீரென்றது. பிறகுதான் உறைத்தது, அந்த 'க்'கை மென்பொருள் விழுங்கவில்லை, தான்தான் அடிக்கவில்லை என்று. அன்று முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தபடி அதைச் சேர்த்தாள். சிஸ்டர் அடுத்த குழந்தையைக் கூப்பிட்டார்.