மருமகன் தந்த குளிசை

நோன்பு தொடங்கி ஒரு வாரத்துக்குள் ஷரிபுதீனின் கால்கள் வீங்கிவிட்டன. செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாகவே கிடந்தது. அவர் பழைய கிட்னி வருத்தக்காரர்; கல்முனையில் மாதக் கிளினிக், உப்பில்லாத கறி, அளந்து குடிக்கும் தண்ணீர் என்று அடங்கி ஒடுங்கி வாழ்பவர். அப்படிப்பட்ட மனிதனுக்குத் திடீரென்று ஏன் வீங்க வேண்டும்? யோசிக்க யோசிக்க ஒரே முகம்தான் வந்து நின்றது. மருமகன் முர்ஷித்.

சந்தேகம் வந்துவிட்டால் ஆதாரத்துக்கா பஞ்சம்? மகள் ஹுஸ்னியாவுக்கு நோன்புச் சமையலுக்கே நேரம் போதவில்லை என்று, தலைநோன்பிலிருந்து கிளினிக் குளிசைகளை எடுத்துக் கொடுப்பவன் முர்ஷித்தான். வெள்ளையாக இருந்த குளிசை ஒன்று இந்த மாதம் இளஞ்சிவப்பாக வந்தது. கேட்டதற்குக் கொம்பனி மாறியிருக்கிறது, மருந்து அதுதான் என்றான். குடியிருக்கும் வீட்டை ஊர் வழக்கப்படி கல்யாணத்தோடேயே மகளுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. மிச்சமிருப்பது இறக்காமத்து வயல். போன மாதம் அதைப் பற்றியும் விசாரித்தான். யானைக்கு வேலி போடலாமா என்றுதான் கேட்டான். இன்றைக்கு வேலியைக் கேட்பவன் நாளைக்கு வயலைக் கேட்க மாட்டானா?

இதற்கிடையில் முழங்கால் நோவு வேறு. நோன்பு பிடிக்கக் கூடாது என்று டொக்டர் தடுத்துவிட்டதே அவருக்குப் பெரிய மானக்கேடு. நோன்பு இரவுகளில் நெடுநேரம் நின்று தொழும் தராவீஹையும் கதிரையில் இருந்து தொழுதால் அல்லாஹ்விடம் எந்த முகத்தோடு போவது? பள்ளியில் ஓரமாகப் போட்டிருக்கும் பிளாஸ்டிக் கதிரைகளை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அந்தி மஃரிப் தொழுகை முடிந்ததும் சாரத்துக்கு மேல் கட்டும் பெல்ட்டின் பைக்குள்ளிருந்து ஒரு நோவுக் குளிசையை எடுத்து வாயில் போடுவார். வெள்ளாமை வெட்டுக் காலத்தில் வயல்காரர் எல்லோரும் போடுவதுதான். தன் கையால் வாங்கி, தன் இடுப்பிலேயே வைத்திருக்கும் குளிசை. அதில் எவனும் கைவைக்க முடியாது. அதைப் போட்டால் தராவீஹின் கடைசி றக்அத் வரை அசையாமல் நிற்பார்.

ஒரு பின்னேரம், கஞ்சிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த மகளிடம் போய்ப் போட்டுடைத்தார்.

"புள்ள, உன்ட மாப்பிள்ள எனக்கு நல்ல குளிசதான் தாறாரா?"

ஹுஸ்னியா முதலில் சிரித்தாள். பிறகு வாப்பாவின் காலைப் பார்த்தாள்; சிரிப்பு நின்றது. நோன்பு திறந்த கையோடு கணவனிடம் கேட்டும்விட்டாள். முர்ஷித் சண்டை பிடிக்கவில்லை. குளிசைப் பெட்டியை அவள் முன்னால் வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு மருதமுனையிலுள்ள தாய் வீட்டுக்குப் போய்விட்டான். மாப்பிள்ளை பெண் வீட்டில் குடியிருக்கும் அந்தக் கரையூர்களில், அவன் கோபித்துத் தாய் வீட்டுக்குப் போவது சின்ன விஷயமல்ல. மகள் அழுத கண்ணோடு திரிவதைப் பார்க்க ஷரிபுதீனுக்குப் பாவமாகத்தான் இருந்தது. உயிராவது தப்பியதே என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

ஆனால் மகள் கையால் மருந்து குடித்தும் வீக்கம் முகத்துக்கு ஏறியது. மூத்திரம் குறைந்தது. கிளினிக்கில் மருந்து கொடுப்பவர்களையும் முர்ஷித் கைக்குள் போட்டுவிட்டானோ என்று நினைத்தார். குளிசைகளை எல்லாம் ஒரு பையில் கட்டிக்கொண்டு மகளோடு கிளினிக்குக்குப் போனார்.

டொக்டர் கஜேந்தினி இரத்த ரிப்போட்டைப் பார்த்து முகத்தைச் சுருக்கினார். பையைக் கொட்டிப் பார்த்தார். எல்லாம் சரியான மருந்து, இளஞ்சிவப்பும் சேர்த்து. வேறு மருந்து ஏதும் எடுக்கிறீர்களா என்று கேட்டார். இல்லவே இல்லை என்றார் ஷரிபுதீன். நோவுக்கு?

"அது மருந்தில்ல மகள், நோவுக் குளிச" என்று பெல்ட்டைத் திறந்து ஒரு அட்டையை எடுத்து வைத்தார்.

டொக்டர் அட்டையைத் திருப்பிப் பெயரை வாசித்தார். "ஐயா, இது நோவை அமத்தும். அதோட கிட்னிக்குப் போற இரத்தத்தையும் குறைச்சுப்போடும். நல்ல கிட்னி தாங்கும், உங்கட தாங்காது." உப்பும் நீரும் உடம்பிலேயே தங்கிவிட்டன, குளிசையின் கழிவைக்கூட அந்தக் கிட்னியால் ஒழுங்காக வெளியேற்ற முடியாது, இழந்ததில் எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். பிறகு கேட்டார், "ஆர் தந்தது?"

ஹுஸ்னியா வாப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்" என்றார் ஷரிபுதீன். அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரி வாட்டில் மறித்து வைத்தார்கள். துண்டு வெட்டி வெளியே அனுப்பிய அன்று, ஓட்டோவை வீட்டுக்கு விடாமல் மருதமுனைக்கு விடச் சொன்னார். முர்ஷித்தின் தாய் வீட்டுப் படியேற முழங்கால் விண்ணென்று வலித்தது. முர்ஷித் ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டான். அவர் உட்கார்ந்தார். பெல்ட்டைக் கழற்றி அவன் கையில் கொடுத்தார்.

"மகன், இனி எனக்கு எந்தக் குளிசையும் உங்கட கையாலதான். வாங்க, ஊட்ட போவம்."

முர்ஷித் பெல்ட்டின் ஒரு பையைத் துழாவினான். மற்றப் பையையும் துழாவினான். உள்ளே பாதி அட்டை இருந்தது.

"பெருநாள் தொழுகைக்கெண்டு வெச்சிரிந்தன்" என்றார் ஷரிபுதீன், தலையைக் குனிந்துகொண்டு.

இத்தனை நாளாக அவர் மருமகனைப் பார்த்த அதே பார்வையோடு மருமகன் இப்போது அவரைப் பார்த்தான். பிறகு உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான்.

"பெருநாளைக்குக் கதிர நான் கொண்டு வாறன், மாமா."