விளக்கு எரிந்தால் ரம்பம் நிற்கும்

மரக்கடையை மூடியபோது அங்கே வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொரு திசையில் வேறு வேலை தேடிப் போனார்கள். மரக்காரி தேடவில்லை. கடையில் இத்தனை வருடம் தன் கையால் ஓட்டிய, மரம் அறுக்கும் பட்டை ரம்பத்தையே விலைபேசி வாங்கி, கணவனின் லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். கொல்லையில் தகரக் கொட்டகை போட்டாள். உதவிக்கு நாத்தனார் இருந்தாள். வாய் கொஞ்சம் நீளம் என்றாலும் கை அதைவிட வேகம்.

மெஷினை ஓட்டுவதற்கு முன்பே மரக்காரி வீடு வீடாகப் போய், "யாருக்கும் தொந்தரவு இல்லாம பாத்துக்கறேன். இருட்டினா மெஷின் ஓடாது" என்று சொல்லிவிட்டு வந்தாள். சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னாள். முதல் மரத்தடி பாதி அறுபடுவதற்குள் தெருவே வாசல் கேட்டுக்கு முன்னால் நின்றது.

"இது தொந்தரவு இல்லைன்னா எதும்மா தொந்தரவு?" என்றார் எதிர்வீட்டுக் குரல்காரர்.

அவருக்குக் குரல்தான் பிழைப்பு. வங்கிக்குப் போன் செய்தால் "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம், தயவுசெய்து காத்திருக்கவும்" என்பது அவர். லிஃப்டில் "கதவு மூடுகிறது" என்பதும் அவர். கோபத்தில்கூட அந்தக் குரல் பட்டுப்போல் வழுக்கிக்கொண்டு வந்ததால், திட்டுகிறாரா வரவேற்கிறாரா என்று நாத்தனாருக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

"ஒரு மாசம் குடுங்க. அதுக்குள்ள சரி பண்ணலைன்னா நானே மெஷினைக் கழட்டிடறேன்" என்றாள் மரக்காரி.

அன்று மாலை ஓட்டம் முடிந்து வந்த கணவன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வித்துடு. ஊரைப் பகைச்சுக்கிட்டு என்ன தொழில்?" என்றான்.

"ஊரைப் பகைச்சுக்கறேன்னு யார் சொன்னது? மெஷினும் ஓடும், ஊரும் நிம்மதியா இருக்கும். உங்க லாரியோட பழைய டயரெல்லாம் எங்க கிடக்கு?"

மறுநாள் நாத்தனாரை மெஷினில் நிறுத்தி, "நான் திரும்பி வர்ற வரைக்கும் அறுத்துக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டு, அவள் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் போய் உட்கார்ந்தாள். பல வருடமாக ரம்பத்தின் பக்கத்தில் நின்றவளுக்கு, அது சுவருக்கு அந்தப்புறம் எப்படிக் கேட்கும் என்பது தெரியாது. கேட்டதும் முகம் சுருங்கிப்போனது. ஆனால் தையல்காரம்மா சத்தத்தைப் பற்றியே பேசவில்லை. மேஜைமேல் இருந்த தகர டப்பாவைக் காட்டினாள். குண்டூசிகள் உள்ளே தாமாகவே குலுங்கிக்கொண்டிருந்தன.

"சத்தம் பழகிடும்மா. இந்த நடுக்கம்தான் ஆகலை. காஜா எடுக்கறப்ப ஊசி எங்கேயோ போய்க் குத்துது."

மரக்காரி தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். மெஷினை இறுக்கியிருந்த கான்கிரீட் தளமும் இந்த வீட்டுச் சுவரும் ஒட்டிக்கொண்டிருந்தன. அன்றே தளத்தை நடுவில் வெட்டிப் பிரித்தாள். மெஷினைத் தூக்கி, அடியில் டயர்த் துண்டுகளை அடுக்கி, அதன்மேல் கனத்த உத்திரங்களைப் போட்டு நிறுத்தினாள்.

பின்வீட்டில் போய் உட்கார்ந்தபோது வேறு விஷயம் தெரிந்தது. அங்கே கைக்குழந்தை. ரம்பத்தின் ஒரே சீரான இரைச்சலில் அது பேசாமல் தூங்கியது. தடியை உருட்டித் தள்ளும்போது எழுந்த 'தொம்' சத்தத்தில்தான் வீறிட்டது. "அதை மட்டும் நிறுத்துங்கக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள் தாய். மரக்காரி தடி விழும் இடத்தில் மணலைக் கொட்டி, மீதி டயர்களைப் பரப்பினாள்.

கடைசியாகக் கொட்டகை. தகரத்தைப் பிரித்துவிட்டு, உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று இரட்டைப் பலகைச் சுவர் எழுப்பினாள். நடுவில் இருந்த இடைவெளியில், மலைபோல் குவிந்துகிடந்த மரத்தூளைச் சுண்ணாம்பு கலந்து திணித்தார்கள். நாத்தனார் தலைமுதல் கால்வரை வெளுத்துப்போய், "அண்ணி, எனக்கு இப்பவே நரைச்சிடுச்சு" என்றாள்.

மாதம் முடியுமுன் தெரு அடங்கியது. வீதியில் நின்று கேட்டால் தூரத்தில் ஒரு வண்டு சுற்றுவதுபோல் இருந்தது, அவ்வளவுதான். குரல்காரர் ஒருவர்தான் மசியவில்லை. மரக்காரியை வீட்டுக்குக் கூப்பிட்டு, காதில் ஹெட்போனை மாட்டினார். "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்ற வாக்கியத்துக்குப் பின்னால் மெல்லிய இழையாக ஒரு 'ஙொய்' ஓடியது.

"மனுஷக் காதுக்கு இது போதும். மைக்குக்குப் போதாது" என்றார்.

அது தன் ரம்பம்தான் என்று மரக்காரிக்குத் தெரிந்தது. மழுப்பவில்லை. "சரி. நீங்க பேசறப்ப நான் நிறுத்திடறேன். எப்ப பேசறீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் யோசித்து ஒரு வழி சொன்னார். அவர் அறையில் ஒரு சுவிட்ச், அவர் வீட்டு வாசலில் சிவப்பு பல்பு. பல்பு எரிந்தால் ரம்பம் நிற்க வேண்டும். மரக்காரி ஒப்புக்கொண்டு, கொட்டகைக் கதவிலிருந்து பல்பு தெரிவதற்காகப் பக்கத்துச் சந்தில் குவித்திருந்த பலகைகளையும் நகர்த்தி வைத்தாள்.

முதல் சில நாட்கள் பல்பு எரிவதும் அணைவதுமாக இருந்தது. பிறகு எரிவது மட்டும் நடந்தது. காலையில் பால் பாத்திரம் கழுவும்போது எரிந்தது, மத்தியானச் சாப்பாட்டின்போது எரிந்தது, துணி மடிக்கும் நேரத்திலும் எரிந்தது. மரக்காரி ரம்பத்தின் பற்களை அரத்தால் தீட்டினாள், பலகைகளை மாற்றி அடுக்கினாள், தரையைப் பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினாள். பாதி அறுபட்ட தடி ஒன்று மெஷினில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

"ஒரு மனுஷன் நாள் பூரா அப்படி என்னதான் பேசுவாரு?" என்று நாத்தனார் பொருமினாள். "நம்மளது அறுவை மில்லே இல்ல அண்ணி. நிஜமான அறுவை மில் எதிர்வீட்டுலதான் இருக்கு."

மரக்காரிக்குச் சிரிப்பு வந்தாலும் சிரிக்க நேரமில்லை. நிலைக்கதவு செய்யும் ஆசாரி ஒருவர் பெரிய வேலை கொடுத்திருந்தார். அவர் அன்று வந்து, எரிகிற பல்பையும் நிற்கிற ரம்பத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தப் பல்பு அணையற வரைக்கும் காத்திருந்தா, வீடு கட்டறவன் கதவில்லாமலே குடிபோயிடுவான். பாதியை வேற எடத்துல குடுத்துக்கறேம்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் மரக்காரி செருப்பை மாட்டிக்கொண்டு நேராகப் போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்த குரல்காரரின் ஒரு கையில் பாதி உரித்த வெங்காயம். கண் கலங்கியிருந்தது. அவருக்குப் பின்னால் அறைக் கதவு திறந்தே கிடந்தது. மைக்கின்மேல் துண்டு போர்த்தியிருந்தது. துண்டின் மடிப்பில் தூசி.

"இடைவேளை" என்றார் அவர்.

மரக்காரி துண்டைப் பார்த்தாள், வெங்காயத்தைப் பார்த்தாள். "எத்தனை நாளா இடைவேளை?"

அவர் வெங்காயத்தை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். லிஃப்டிலும் வங்கியிலும் யாரும் கேட்டிராத ஒரு கரகரத்த குரலில் பேசினார்.

"யாரும் கூப்பிடறதில்லைங்க. நீங்க மெஷின் போடறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடுச்சு. குக்கர் விசில் கேக்குது, பைக் கேக்குது, நாய் கேக்குதுன்னு திருப்பித் திருப்பி அனுப்பினாங்க. அப்புறம் அனுப்பறதையே விட்டுட்டாங்க. பல்பை அணைச்சா உங்க ரம்பம் ஓடும். ஓடினா, இவனுக்கு வேலையில்லைன்னு தெருவுக்கே தெரிஞ்சிடுமே."

மரக்காரிக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "உங்க மானத்தைக் காப்பாத்த என் மெஷின் நிக்கணுமா? எனக்கு வந்த வேலையில பாதி இன்னைக்குக் கை நழுவிப் போச்சு, தெரியுமா?"

"தெரியாது" என்றார். உடனே, "தெரிஞ்சிருக்கணும். மன்னிச்சிடுங்க. இப்பவே அணைச்சிடறேன்" என்று எழுந்தார். எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. அதை நிமிர்த்தி வைக்கும்போது, "நாத்தனார்கிட்ட மட்டும் சொல்லாதீங்க. அவங்க வாய் தாங்காது" என்றார்.

அதற்கு மட்டும் மரக்காரியால் கோபப்பட முடியவில்லை.

வீட்டுக்கு வந்து, பாதியில் நின்றிருந்த தடியை அறுத்து முடித்தாள். அறுக்கும்போது மனம் அறுப்பில் இல்லை. என் சத்தத்தை நான் மூடிவிட்டேன். அடுத்த வீட்டுக் குக்கரை யார் மூடுவது, நாயை யார் மூடுவது? ஒவ்வொரு வாயாக மூடிக்கொண்டு போனால் ஆயுசு போதாது. அடுத்த நாள் காலையில் நாத்தனாரிடம் 'மைக்கு ரிப்பேர்' என்று மட்டும் சொல்லிவிட்டு, அளவு நாடாவோடு எதிர்வீட்டில் போய் நின்றாள்.

"தெருவோட வாயை மூட முடியாது. உங்க மைக்கோட காதை மூடிடலாம்" என்றாள். "இந்த அறைக்குள்ள இன்னொரு சின்ன அறை. இரட்டைப் பலகை, நடுவுல தூள். என் கொட்டகைக்குப் பண்ணின அதே வேலை. ஆனா நீங்களும் கூட நின்னு சுமக்கணும். எனக்கு வேண்டியது ஒண்ணுதான்: பல்பு போகணும்."

"இதுக்கு நான் என்ன..."

"சுமக்கணும்னு சொன்னேனே."

குரல்காரர் சுமந்தார். முதல் பலகையிலேயே தோள் கன்றிப்போனது. ஆனால் ஒரு விஷயத்தில் அவர் கில்லாடி. காற்று புகும் இடத்தில் எல்லாம் சத்தமும் புகும் என்று சொல்லி, மூட்டுக்கு மூட்டு காதை வைத்துத் தட்டித் தட்டிக் கேட்டார். சுவர் முடிந்து கதவு மாட்டியதும் அவர் உள்ளே இருட்டில் உட்கார்ந்துகொண்டார். மரக்காரி வெளியே டார்ச்சை அடித்துக்கொண்டு கதவைச் சுற்றி வந்தாள். "மேல ஒரு கீத்து... கீழ கீல் பக்கத்துல ஒண்ணு..." என்று உள்ளிருந்து குரல் வந்தது. வெளிச்சம் கசிந்த இடங்களில் எல்லாம் தையல்காரம்மா தைத்துக் கொடுத்த பஞ்சுப் பட்டைகளை ஒட்டினார்கள். உள்சுவருக்கு அவளே வெட்டுத்துணிகளை அடைத்து மெத்தைகள் தைத்துத் தந்தாள். "எனக்கும் ஊசி நேரா இறங்குது, இந்த மனுஷனும் கொஞ்சம் பொழைக்கட்டுமே" என்றாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று மரக்காரி கேட்கவில்லை.

முதல் சோதனை தோற்றது. சத்தம் வரவில்லை, காற்றும் வரவில்லை. குரல்காரர் குளித்து எழுந்தவர்போல நனைந்து வெளியே வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணி, மைக்கு ரிப்பேர்னுதானே சொன்னீங்க? ஆளே ரிப்பேராயிட்டாரே" என்றாள் நாத்தனார்.

மரக்காரி மறுபடி அளவு நாடாவை எடுத்தாள். காற்று வர ஒரு பெட்டிக் குழாய் செய்தாள். நேராகச் செய்யாமல், பாம்பு மாதிரி மடக்கி மடக்கி, உள்ளே துணி ஒட்டிச் செய்தாள். காற்று வளைந்து நெளிந்து வந்துவிடும். சத்தம் ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். குரல்காரர் சொன்ன யோசனை அது. மடிப்புகளை இழைத்துப் பொருத்தியது இவள்.

இரண்டாவது சோதனைக்குக் கொட்டகையில் இருந்ததிலேயே இறுகிய தடியை மெஷினில் ஏற்றினார்கள். நாத்தனார் ரம்பத்தை ஓட்ட, எதிர்வீட்டுச் சின்ன அறைக்குள் குரல்காரர் ஒரு பக்கம் முழுக்கப் படித்துப் பதிவு செய்தார். பிறகு மரக்காரி, தையல்காரம்மா, அவர் மூன்று பேரும் ஹெட்போனைக் கை மாற்றி மாற்றிக் கேட்டார்கள். குரல் மட்டும் இருந்தது. குக்கர் இல்லை, நாய் இல்லை, ரம்பம் இல்லை. நடுவில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் 'கொடகொட' என்று ஏதோ உருண்டது.

மரக்காரி நிமிர்ந்தாள். "இது எங்க மெஷின் இல்லையே."

"இல்ல" என்றார் குரல்காரர் கூச்சத்தோடு. "அது என் வயிறு. காலையில சாப்பிடலை."

தையல்காரம்மா சிரித்த சிரிப்பில் பொருத்தியிருந்த கதவுப் பட்டை ஒன்று உதிர்ந்து விழுந்தது. மறுபடி ஒட்டினார்கள்.

வேலை ஒரே நாளில் வந்து குவிந்துவிடவில்லை. பழைய நிறுவனங்களுக்கு மாதிரிப் பதிவை அனுப்பிவிட்டு அவர் நிறைய நாள் காத்திருந்தார். வேறு ஊர் மருத்துவமனை ஒன்று லிஃப்டுக்குக் கேட்டது. அதன்பின் ஒரு பதிப்பகம், தடித்த சரித்திரப் புத்தகம் ஒன்றை முழுதாகப் படித்துத் தரச் சொன்னது. இரண்டு வீட்டிலும் இப்போது ஒரே நேரத்தில் வேலை நடந்தது. சிவப்பு பல்பைக் கழற்றிய இடத்தில் ஆணி அடித்த துளை மட்டும் இருந்தது.

ஆசாரி வேறு இடத்தில் கொடுத்த பாதி திரும்பி வரவில்லை. மீதிப் பாதியை மரக்காரி விடவில்லை. சொன்ன நாளுக்கு முடித்தே தீருவது என்று நாத்தனாரும் அவளும் மாறி மாறி மெஷினில் நின்றார்கள். கடைசி நாள் மத்தியானம் தடிக்குள் புதைந்திருந்த ஒரு பழைய இரும்பு ஆணியில் ரம்பம் மோதி, பல் வைத்த பட்டை அறுந்து சுருண்டது. நாத்தனார் பயந்துபோய்ப் பின்னால் தாவினாள்.

"போதும் அண்ணி, நாளைக்குப் பாத்துக்கலாம்."

"ஆணி ஒண்ணுதானே" என்றாள் மரக்காரி. உளியால் தோண்டி ஆணியைப் பிடுங்கிப் போட்டாள். புதுப் பட்டையைச் சக்கரத்தில் மாட்டி, இறுக்கி, விரலால் சுண்டிப் பார்த்தாள். தடியைப் புரட்டிப் போட்டு மறுபக்கத்திலிருந்து அறுக்க ஆரம்பித்தாள்.

சாயங்காலம் ஆசாரி வண்டியோடு வந்தபோது இன்னும் இரண்டு பலகை பாக்கி. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. இருட்டினால் ரம்பம் ஓடாது என்பது முதலிலேயே அவள் தெருவுக்குக் கொடுத்திருந்த வாக்கு. அவள் மெஷினை நிறுத்தினாள்.

"ரெண்டே ரெண்டு பலகைம்மா! இந்தச் சுவருக்கு வெளிய யாருக்கும் கேக்கவே கேக்காது. நான் வாசல்ல நின்னு கேட்டுட்டுத்தானே வரேன்?"

"கேக்காதுதான்" என்றாள். "ஆனா ஓட்டமாட்டேன்னு சொல்லியிருக்கேன். ஏத்தறதை ஏத்திக்கிட்டுப் போங்க. ரெண்டு பலகையையும் காலையில நானே உங்க பட்டறையில கொண்டுவந்து இறக்கறேன்."

ஆசாரி முணுமுணுத்துக்கொண்டே பலகைகளைத் தூக்கினார். நாத்தனார் மறுமுனையைப் பிடித்தாள். மரக்காரி ரம்பத்தின்மேல் படுதாவை இழுத்துப் போர்த்தி, நாளைக்கு அறுக்க வேண்டிய இடத்தில் தடியின்மேல் சாக்பீஸால் இரண்டு கோடு கிழித்துவிட்டு, கொட்டகைக் கதவைச் சாத்தினாள்.