இரண்டாவது தோசை

என் கல்யாணம் மைசூரில் ஒரு ஓட்டல் மேஜையில் முடிவானது. அந்த நேரத்தில் நான் ஹனூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தில் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். மைசூர் ராஜ்யத்துக்குக் கர்நாடகம் என்று பேர் மாற்றி ஒரு வருஷம் ஆகியிருக்கும். எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தப் பேர் இன்னும் வாயில் நுழையவில்லை.

அப்பாவைக் கேட்டால் எல்லாம் தானே யோசித்து எடுத்த முடிவு என்பார். அம்மாவைக் கேட்டால் சிரிப்பாள். இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் பிடுங்கிச் சேர்த்த கதை இது. அப்பா சொல்லும் கதையில் அம்மா பேசவே இல்லை. அம்மா சொல்லும் கதையில் அப்பாவுக்கு வாய் ஓயவே இல்லை. நடுவில் நின்று தீர்ப்புச் சொல்ல வேண்டியது என் தலையில் விழுந்திருக்கிறது.

தரகர் சித்தையன் கொண்டுவந்த இடம். மாப்பிள்ளை பேர் இராமச்சந்திரன், மைசூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை, தாய் தகப்பன் இல்லை, தனியாக வாடகை வீட்டில் இருந்தார். பெண் பார்க்க வந்த அன்று, காப்பி குடித்த டம்ளரைத் தானே எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்க் கழுவி வைத்துவிட்டு வந்தார். என் சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "ஏனுங்க மாப்ள, பொண்ணு பாக்க வந்தீங்களா, ஏனம் கழுவ வந்தீங்களா?" என்றார். வந்தவருக்குக் காது இரண்டும் சிவந்துபோனது. எனக்கு அந்தக் காதுகளைப் பிடித்துவிட்டது. யாரிடமும் வாய் திறந்து சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. அந்த வாரம் முழுக்க நான் குழம்புக்கு உப்புப் போட மறந்ததே அவளுக்குப் போதும்.

அப்பாதான் இழுத்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் பெண் கொடுக்குமுன் பையன் குடியிருக்கும் வீட்டை ஒருதரம் போய்ப் பார்த்துவிடுவார்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போவதில்லை, சொன்னால் கூட்டிப் பெருக்கி ஜோடித்துவிடுவார்களாம். போவதும் ஆண்கள்தான். அப்பா வேட்டியை மடித்துப் பையில் வைக்கும்போது அம்மா வந்து நின்றாள்.

"நானும் வாரனுங்க."

"நீ வந்து என்னத்தப் புள்ள பாக்கப் போற?"

"நீங்க பாக்காத உட்டதப் பாக்கறனுங்க."

கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அம்மா அப்படி ஒரு பதில் சொன்னதில்லை. அப்பா மலைத்துப்போய்ச் சரி என்றுவிட்டார்.

இரண்டு பேருக்கும் அதுவரை கொள்ளேகால்தான் பெரிய ஊர். விடிவதற்குள் எழுந்து அம்மா தயிர்ச்சோறு கட்டியிருந்தாள். கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டில் அப்பா சாப்பிட்டார். அவர் முடிக்கட்டும் என்று அம்மா காத்திருந்தாள். அவர் முடித்துக் கைகழுவியபோது மைசூர் பஸ் வந்து நின்றது. பஸ்ஸுக்குள் அத்தனை ஆண்களுக்கு நடுவே சோற்றுத் தூக்கைத் திறக்க அவளுக்குக் கூச்சம். மைசூரில் இறங்கியபோது சோறு புளித்துப்போய், ஸ்டாண்டில் நின்ற ஒரு மாட்டுக்குப் போனது. அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. அவர் வயிறு நிறைந்திருந்தது.

டவுன் பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் அம்மாவைப் பார்த்து, "முந்தே ஹோகம்மா, முந்தே" என்று முன்னால் தள்ளினார். பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். நடுவில் ஒரு கூட்டம். அப்பா இதை எதிர்பார்க்கவே இல்லை. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் தலையை வெளியே நீட்டி, இறங்குகிறவர்களில் அம்மா இருக்கிறாளா என்று பார்த்திருக்கிறார். ஒரு இடத்தில் பச்சைச் சேலை தெரிந்ததும் இறங்கியே விட்டார், பஸ் நகர ஆரம்பித்ததும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி ஏறினார். அம்மா முன்னால் ஒரு பூக்காரியிடம் கன்னடத்தில் மல்லிகைக் கட்டு விலை பேசிக்கொண்டிருந்தாள். "எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு அம்மிணி, ஆனா உங்கப்பன் ஓடுன ஓட்டத்தப் பாத்ததுல மறந்து போச்சு" என்பாள். அப்பா சொல்லும் கதையில் இந்த ஓட்டம் இருக்காது.

மாப்பிள்ளையின் வீடு ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் ஒரு சந்தில். ஒரே கூரைக்கடியில் வரிசையாகக் கதவுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். அவர் வேலைக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டம்மாவிடம் சாவி இருந்தது. ஒறம்பரை, சொந்தக்காரர்கள் என்று அம்மா சொன்னதும் அந்தம்மா கதவைத் திறந்துவிட்டாள்.

ஒரே அறை. ஒரு மூலையில் இடுப்பளவுச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் மண்ணெண்ணெய் ஸ்டவ். இந்தப் பக்கம் சுருட்டிய பாய், ஒரு டிரங்குப் பெட்டி. கழுவிக் கவிழ்த்த டம்ளர் ஒன்று. அவ்வளவுதான் வீடு. அப்பா உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தார், திரும்புவதற்கே இடம் பத்தவில்லை.

சந்து முனையைத் தாண்டும்வரை பொறுத்திருந்தார். பிறகு ஆரம்பித்தார். "நம்ம மாட்டுக்கொட்டாயி இதவிடப் பெருசு. ஆசாரமும் தாவாரமுமா அத்தன பெரிய வூட்ல வளந்த புள்ளயக் கொண்டாந்து இந்தக் கோழிக்கூண்டுல உடறதா? சித்தையன் ஊருக்கு வரட்டும், பேசிக்கறேன். இந்த எடம் வேண்டாம்."

அம்மாவுக்கும் அந்த அறையைப் பார்த்து மனசு சுருங்கித்தான் போயிருந்தது. நான் அங்கே தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோலத் தோன்றியதாம். அந்தக் காதுகளைப் பற்றிய என் ஆசை அவளுக்குத் தெரியும். அதை வைத்து அப்பாவிடம் வழக்காட முடியாது. பேச்சு அத்தோடு முடிந்தது என்றுதான் அவளும் நினைத்தாள்.

பஸ்ஸே வேண்டாம் என்று அப்பா ஒரு ஜட்கா பிடித்தார். குதிரை வண்டியில் யாரும் யாரையும் முன்னால் தள்ள மாட்டார்கள் அல்லவா. மார்க்கெட் பக்கம் வந்ததும் காப்பிக் கொட்டை வறுக்கும் வாசனை வந்தது. மைசூருக்குப் போனால் மசால் தோசை தின்னாமல் வராதே என்று சித்தையன் சொல்லியிருந்தார். இடம் வேண்டாமென்று ஆகிவிட்டது, தோசையையாவது பார்ப்போம் என்று அப்பா வண்டியை நிறுத்தினார்.

ஓட்டலில் அம்மாவைப் பார்த்ததும் பேமிலி ரூமுக்கு அனுப்பினார்கள். பலகைத் தடுப்பு, ஒரு திரை, கல்பதித்த மேஜை, எதிரெதிராக இரண்டு நாற்காலி. அம்மா சுவரோரமாக நின்றுகொண்டாள். "உக்காரு புள்ள, நின்னுட்டே இருந்தா வெளிய அனுப்பீருவாங்க" என்று அப்பா அதட்டிய பிறகு எதிரே உட்கார்ந்தாள்.

உட்கார்ந்து நிமிர்ந்தால் நேரெதிரே அப்பாவின் முகம். அம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இருபது வருஷமாகச் சாப்பாட்டு நேரத்தில் அவள் பார்த்தது அவருடைய உச்சந்தலையைத்தான். பரிமாறுகிறவளுக்கு வேறென்ன தெரியும்? மீசை இத்தனை நரைத்திருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று என்னிடம் சொன்னாள். அதைச் சொல்லும்போதும் அவளுக்கு வெட்கம் வந்தது.

இரண்டு தோசையும் ஒன்றாக வந்தன. மேலே வெண்ணெய் உருகிக்கொண்டிருந்தது. அப்பா பிய்த்து வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றார். அம்மா மடியில் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

"தின்னு."

"நீங்க சாப்புடுங்க. நான் அப்பறமா."

அப்பா அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லை. அவர் பாதி தோசையை முடித்துவிட்டார். தண்ணீர் வைக்க வந்த சர்வர், அம்மாவின் தட்டைப் பார்த்துவிட்டு, "ஆரி ஹோகுத்தேம்மா, தின்னி" என்றார். ஆறிப்போகிறது என்று அந்நிய மனுஷன் ஒருவன் கவலைப்பட்டதில் அம்மா திடுக்கிட்டு, அவசரமாகக் கைவைத்தாள். விரல் சுட்டது. விடாமல் பிய்த்து வாயில் போட்டாள். நாக்கும் சுட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்ன புள்ள, காரமா?"

"இல்லீங்க. சூடு."

"சூடுன்னா ஊதித் தின்னு. தோசைன்னா சூடாத்தான இருக்கும்?"

அம்மா அவரைப் பார்த்தாள். அவர் கேலி செய்யவில்லை. அவருக்கு உண்மையிலேயே தோசை என்றால் சூடாகத்தான் இருக்கும். தீபாவளிக்கும் நோன்புக்கும் எங்கள் வீட்டில் தோசை சுடுவார்கள். தாத்தா, அப்பா, சித்தப்பாக்கள், பிள்ளைகள், வேலையாட்கள் என்று எல்லோருக்கும் கல்லிலிருந்து நேரே தட்டுக்குப் போகும். மாவு வழித்து ஊற்றும் கடைசி தோசை அம்மாவுக்கு. அதையும் மூடி வைத்துவிட்டு, ஏனமெல்லாம் ஒதுக்கி, குளித்துவிட்டு வந்து தின்பாள். களியும் அப்படித்தான், சோறும் அப்படித்தான். தோசையில் மொறுமொறுப்பு என்று ஒன்று இருப்பதை அவள் சத்தத்தில்தான் கேட்டிருக்கிறாள், அடுத்தவர்கள் வாயில்.

"இருக்குமுங்க" என்றாள்.

பிறகு ஊதி ஊதித் தின்றாள். ஒரு துணுக்கு விடாமல், தட்டில் ஒட்டிய வெண்ணெயையும் விரலால் வழித்து, முழுத் தோசையையும் தின்றாள். அப்பா முடித்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் பெண்டாட்டி சாப்பிட்டு அவர் பார்த்ததே இல்லை.

"அந்த வூட்ல, அடுப்புக்கும் உக்கார்ற எடத்துக்கும் எத்தன தூரமுங்க?" என்று அம்மா கேட்டாள்.

"எந்த வூட்ல? அந்தக் கோழிக்கூண்டுலயா? தூரம் எங்க இருக்குது, கைய நீட்டுனா அடுப்புல படும்."

"அதச் சொல்றனுங்க. அங்க நம்ம புள்ளைக்கு ஆசாரமில்ல, தாவாரமில்ல, நடந்து போயிப் போட ஆளுமில்ல. ரண்டே பேரு. அவ அடுப்புக்கிட்ட உக்காந்தா அந்தப் பையன் மூஞ்சி தெரியும். அவனுக்கும் இவ மூஞ்சி தெரியும்." தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "மொத தோசை அவனுக்குன்னா, ரண்டாவது தோசை அவளுக்குத்தானுங்க. அங்கயே குடுத்தரலாம்."

குறை சொல்லும் குரலே இல்லையாம். மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதுபோலத்தான் சொன்னாளாம். இது அப்பாவே என்னிடம் ஒப்புக்கொண்டது. அதனால்தான் அவருக்குத் தாங்கவில்லை என்று நினைக்கிறேன். சண்டை போட்டிருந்தால் அவரும் திருப்பிக் கத்திவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார்.

கொஞ்ச நேரம் மேஜையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு திரையை விலக்கி இன்னொரு தோசை கொண்டுவரச் சொன்னார். அது வந்ததும் அம்மா பக்கம் தள்ளினார். "எனக்கு வயிறு நெறஞ்சுபோச்சு, தின்னு" என்றார். அவருக்கு நிறையவில்லை. ஊர் திரும்பும் வழியில் கொள்ளேகாலில் இறங்கி நிலக்கடலை வாங்கித் தின்றிருக்கிறார்.

சித்தையனிடம், "ஊரு நல்ல ஊரு, முடிச்சரு" என்று மட்டும் சொன்னார். தை மாசம் எனக்குக் கல்யாணம் ஆனது.

அம்மாவின் கணக்கில் ஒரு சின்னப் பிழை இருந்தது. அந்த அறையில் நான் முதல்முதலில் தோசை சுட்ட அன்று, முதல் தோசையை இவருக்குப் போட்டேன். கைப்பழக்கம், இரண்டாவதையும் இவருக்கே போட்டேன். மூன்றாவதையும். இவர் தலை நிமிரவே இல்லை, டம்ளர் கழுவுகிற மனுஷனுக்கும் தோசை என்று வந்தால் அப்படித்தான். நான்காவதை என் தட்டில் போட்டுக்கொண்டு, "இத்தோட நில்லுங்க, இது என்னுது. எங்கம்மா ஓட்டல்லயே பேசி முடிச்சாச்சு" என்றேன். இவருக்குக் காது இரண்டும் சிவந்துபோனது. அன்றிலிருந்து இன்றுவரை இரண்டாவது தோசை எனக்குத்தான்.

தலை தீபாவளிக்கு ஊருக்குப் போனோம். முன்கூடமான ஆசாரத்தில் இலை போட்டு ஆண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை நடுவில். அப்பாவை மட்டும் காணோம். தேடிக்கொண்டு போனால், சமையலறையில் பலகை போட்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். புகையில் கண் கலங்கி மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"ஏண்ணா, ஒறம்பரைய அங்க உக்கார வெச்சுட்டு இங்க என்ன பண்றீங்க?" என்று சித்தப்பா ஆசாரத்திலிருந்து கத்தினார்.

"இங்கதாண்டா சூடா இருக்குது" என்றார் அப்பா.

அம்மா முதல் தோசையை எடுத்து அவருக்குப் போட்டாள். இரண்டாவது வெந்ததும் அதையும் தோசைத் திருப்பியில் எடுத்து அவர் தட்டுக்கே கொண்டுபோனாள். அப்பா தட்டின்மேல் கையை விரித்து மறைத்துக்கொண்டார்.

"அது உன்றது."

"மாப்ள காத்துட்டிருக்கறாருங்க."

"இருக்கட்டும். ஆறிப்போயிரும், தின்னு."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் வாசலை மறைத்துக்கொண்டு நின்றேன். அவள் அடுப்படியிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையில் வைத்து ஊதித் தின்றாள். அவள் தின்று முடிக்கும்வரை அப்பா அடுப்பைப் பார்த்துக்கொண்டார், ஆசாரத்தில் எல்லோரும் காத்திருந்தார்கள்.